நாலாவது மூலை

மே மாதத்து இரண்டாம் ஞாயிறு மாலை, குர்டோரியில் நடந்த ஒரு கல்யாண வரவேற்பில், ‘மெர்மெய்ட்ஸ்’ இசைக்குழுவின் டிரம்ஸ், கிட்டார், டிரம்பெட் மூன்றும் பாடகன் லிகோரியோவின் வயிற்றிலிருந்து கேட்டன. அந்த வாரம் மட்காவ் சந்தையில் கானாங்கெளுத்தி மலிவு. மணமக்கள் முதல் நடனத்துக்கு எழுந்து நிற்க, ஜெரோனிம் குச்சியை ஓங்கி டிரம்மில் போட்டான். டிரம் தலையணையை அடித்த மாதிரி ‘தொப்’ என்றது. அதே நொடியில், நாலடி முன்னால் மைக்கைப் பிடித்து நின்றிருந்த லிகோரியோவின் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துப் பறந்து கல்யாணக் கேக்கின் மேல்மாடியில் குத்தி நின்றது. பின்னாலேயே அவன் தொப்புளிலிருந்து கணீரென்று டிரம் சத்தம் கிளம்பியது. பாஸ்குவால் கிட்டாரை மீட்டினான்; அது லிகோரியோவின் விலா எலும்புகளுக்குள் ஒலித்தது. ருமால்தோ டிரம்பெட்டை ஊதினான். லிகோரியோவின் வாய் தானாகத் திறந்துகொண்டது. பெரிய ஸ்பீக்கர் பெட்டி மேடையோரம் ஊமையாக உட்கார்ந்திருந்தது. மணமகளின் பெரியப்பா மட்டும் பக்கத்து நாற்காலிக்காரரிடம், “போன கல்யாணத்துக்கு இது தேவலை, சவுண்டு சுத்தமா இருக்கு” என்றார். கூட்டம் ஆடத் தொடங்கியது.

மெர்மெய்ட்ஸ் என்றால் கடற்கன்னிகள். குழுவில் நாலு பேர். நாலு பேரும் மீசைக்காரர்கள். வாஸ்கோ துறைமுகத்தில் கலைந்துபோன ஒரு பேண்டிடமிருந்து பழைய டிரம் வாங்கியபோது அதன் தோலில் வாலோடு ஒரு கன்னி வரையப்பட்டிருந்தாள். அழிக்கச் சோம்பல்பட்டு அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள். சாமான்கள் இப்படித்தான் சேர்ந்தன, பொறுப்புகளும் இப்படித்தான் பிரிந்தன. ஆம்ப்ளிஃபையரும் பாம்புக் குட்டிகள் மாதிரிச் சுருண்ட வயர்களும் பாஸ்குவாலுடையவை. அதனால் அவன் தலைவன். வேன் ஜெரோனிமுடையது, வாரநாட்களில் அதில் தேங்காய் போகும், ஞாயிற்றுக்கிழமை சங்கீதம் போகும். ருமால்தோவின் வீட்டுக் கொட்டகையில் இடம் இருந்தது. ஆகவே பெரிய ஸ்பீக்கர் பெட்டி அங்கே, அவன் மனைவியின் வசவுகளைக் கேட்டுக்கொண்டு குடியிருந்தது. லிகோரியோவின் பங்கு ஒரே ஒரு மைக். அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சென்ட் வாசனையோடு வந்து இறங்குவான்.

அந்த ஸ்பீக்கர் பெட்டியைச் செய்தவர் ஊரின் சவப்பெட்டித் தச்சர். பலாமரம். அவருக்குக் கை பழகியது ஒன்றுதான் என்பதால், வழக்கம்போல நாலு மூலைக்கும் நாலு பித்தளைக் கைப்பிடி வைத்துவிட்டார். ஆளுக்கொரு மூலை என்பது குழுவின் ஒரே சட்டமானது அப்படித்தான். மற்றதெல்லாம் வெறும் பேச்சு. ஆனால் பெட்டியைத் தூக்கும் நேரம் பார்த்து லிகோரியோவுக்கு ஒரு வேலை வந்துவிடும். மணமகனின் மாமாவுக்குக் கை கொடுக்க வேண்டும், தொண்டைக்கு வெந்நீர் வேண்டும், வயிறு சரியில்லை. “இது மைக் பிடிக்கிற கை பாத்ராவ். பாரம் தூக்குனா நடுங்கும். நான் நடுங்குனா பாட்டு நடுங்கும். பாட்டு நடுங்குனா யாருக்கு நஷ்டம்? நமக்குத்தானே!” என்பான். ‘பாத்ராவ்’ என்றால் முதலாளி. வேலை செய்யாதவர்கள்தான் அங்கே அந்தச் சொல்லை அதிகம் பயன்படுத்துவார்கள்.

ஈஸ்டர் முடிந்து ராயாவில் ஒரு கல்யாணம். அன்று தப்பிக்க வழியில்லாமல் லிகோரியோ நாலாவது மூலையைப் பிடித்திருந்தான். நாலு பேரும் கிணற்றோரமாகப் பெட்டியைத் தூக்கிப் போகையில், எதிரே மணமகளின் சித்தி தட்டில் பெபிங்காவோடு வந்தாள். ஏழு அடுக்குத் தேங்காய்ப்பால் கேக், அப்போதுதான் இறக்கியது. லிகோரியோ கையை நீட்டினான். அது மூலையைப் பிடித்திருந்த கை. பெட்டி ஒருமுறை சாய்ந்து, யோசித்து, கிணற்றுக்குள் இறங்கிவிட்டது.

“கைய எதுக்குடா எடுத்த?” என்று பாஸ்குவால் கிணற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“பெபிங்கா ஆறிடும் பாத்ராவ்.”

“இப்ப பெட்டி நல்லா ஆறிருக்கும், பாரு.”

வருஷா வருஷம் ஜூனில் சாவ் ஜுவாவ் திருநாளன்று கிணறு கிணறாகக் குதித்துப் பழகிய ராயா இளவட்டங்கள், இது ஒத்திகை என்று சொல்லிக்கொண்டு கயிறோடு குதித்துப் பெட்டியை மேலே கொண்டுவந்தார்கள். ருமால்தோ வீட்டு ஓட்டின் மேல், கருவாட்டுக்குப் பக்கத்தில் அது காய்ந்தது. திரும்ப வயர் போட்டுப் பார்த்ததில் எல்லாம் சரியாகவே இருந்தது, விளக்கும் எரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. அது எங்கே போயிருந்தது என்பது குர்டோரிக் கல்யாணத்தில் தெரிந்தது.

முதல் சில வாரங்கள் லிகோரியோவுக்குப் பெருமை பிடிபடவில்லை. வாயை அகலத் திறந்தால் சத்தம் கூடும், உதட்டைக் குவித்தால் குறையும். வலது காதைப் பிடித்து இழுத்தால் டிரம்பெட் கூர்மையாகும், இடது காதை இழுத்தால் டிரம்ஸ் கனமாகும். பன்றிக்கறி சொர்பொதெல் சாப்பிட்ட நாளில் தரை அதிர்ந்தது. முந்திரிச் சாராயமான ஃபெனி இரண்டு மடக்கு உள்ளே போனால் ஒவ்வொரு சத்தமும் இரண்டு தடவை கேட்டது. சாமான் தூக்குவது அறவே நின்றுபோனது. ஆம்ப்ளிஃபையர் வயர்களை பாஸ்குவாலின் மாமியார் துணி காயவைக்க எடுத்துக்கொண்டாள். ஸ்பீக்கர் பெட்டிக்குள் ருமால்தோவின் கோழி அடை உட்கார்ந்தது. ஜெரோனிமின் வேன் ஞாயிற்றுக்கிழமையும் தேங்காய்க்கே போக, வாத்தியங்களைக் கல்யாண வீட்டுக்காரர் வண்டியில் ஏற்றிவிட்டு மூன்று பேரும் கையை வீசிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஊர்ப் பங்குத்தந்தைகூட ஒருநாள் ஆள் அனுப்பினார். தேவாலய மைக் கரகரக்கிறது, திருநாள் பிரசங்கத்துக்குப் பையனைக் கொஞ்சம் அனுப்ப முடியுமா என்று கேட்டார். லிகோரியோ பீடத்தருகே வாயைத் திறந்து உட்கார்ந்தான். அவன் வழியாக பாதிரியார் குடிகாரர்களைக் கண்டித்தார். இவ்வளவு தெளிவாகத் திட்டு வாங்கி வெகுகாலம் ஆயிற்று என்று குடிகாரர்கள் பாராட்டினார்கள்.

ஆனால் சாமான் என்று ஆகிவிட்டால் சாமானுக்குள்ள மரியாதைதான் கிடைக்கும். ஜூன் கடைசியில் புனித பேதுரு திருநாளுக்கு ஆற்றில் இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி மேடை போட்டபோது, மழையில் நனையக்கூடாதென்று லிகோரியோவைத் தார்ப்பாயால் மூடி, மூக்குக்கும் வாய்க்கும் மட்டும் ஓட்டை விட்டார்கள். மண்டபங்களில் அவனை மேசைமேல் ஏற்றி மூலையில் நிறுத்தினார்கள். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றால் யாரோ வந்து தோளைப் பிடித்துத் திருப்பிவைத்துவிட்டுப் போனார்கள், அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல். சளி பிடித்தால் கரகரப்பு வருகிறது என்று குளிர்ந்த தண்ணீரை நிறுத்தினார்கள். விக்கல் வந்து ஒரு வால்ட்ஸ் நடனப் பாட்டு பாதியில் குதித்ததால், கோகம் சர்பத்தையும் நிறுத்தினார்கள்.

பிறகு, பொதுச் சாமானை ஒருவர் வீட்டில் மட்டும் வைப்பது நியாயமில்லை என்று பேச்சு வந்தது. வாரம் ஒரு வீடு என்று முறை வைத்து, சனிக்கிழமை சாயங்காலம் குடை பிடித்து அவனை அடுத்த வீட்டுக்கு நடத்திக் கூட்டிப் போனார்கள். நவம்பரில் இதுவே ஒரு குழப்பமானது. மாதா சிலை வீடு வீடாகப் போகும் மாதம் அது. அந்தி நேரத்தில் மூன்று பேர் குடை பிடிக்க நடுவில் ஒன்று மெதுவாக நகர்ந்து போவதைக் கண்ட வார்டுப் பெண்கள், மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு பின்னால் சேர்ந்து மன்றாட்டுமாலை பாட ஆரம்பித்துவிட்டார்கள். ஜெரோனிமின் வீட்டு வாசலில்தான் முகத்தைப் பார்த்தார்கள்.

“சீ, இது நம்ம லிகோரு!” என்றாள் முன்னால் நின்றவள்.

“பாதி செபம் ஆயிடுச்சு. நடுவுல நிறுத்தக்கூடாது” என்றாள் அடுத்தவள். செபம் முடிந்தது. ஜெரோனிமின் மனைவி அவித்த கடலையும் ஃபெனியும் கொடுத்து அனுப்பினாள். அடுத்த வாரமும் அவர்கள் வந்தார்கள். கடலை நன்றாக இருந்ததாம்.

இதிலெல்லாம் லிகோரியோ சிரித்துக்கொண்டுதான் இருந்தான். அவனை அரித்தது வேறொன்று. அவனால் பேச முடிந்தது, ஆனால் பாட முடியவில்லை. பாட வாயைத் திறந்தால் ‘ங்ம்ம்ம்’ என்று, கரண்டு வந்தும் பாட்டு வராத பெட்டி போடும் இரைச்சல்தான் வந்தது. மூன்று பேருடைய சத்தம் அடைத்துக்கொண்டிருந்த உடம்பில் அவனுடைய குரலுக்கு இடமில்லை. ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்த ஞாயிறன்று, அவனுக்குக் கல்யாணம்.

மணமகள் எஸ்பெரான்சா, தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள். எட்டு வருஷம் அவளை அவன் சுற்றி வந்திருக்கிறான். கல்யாண மேடையில் தனக்காக அவனே கட்டிய ஒரு மாண்டோவை அவன் பாட வேண்டும் என்பது மட்டுமே அவள் போட்ட நிபந்தனை. மாண்டோ அவசரப்படாத காதல் பாட்டு; எட்டு வருஷம் காத்தவளுக்கு அதுதான் பொருத்தம். மழைநாள் ஒன்றில் அவள் வீட்டு முன்னறையில் அவன் விஷயத்தைச் சொல்லி, ‘ங்ம்ம்ம்’ என்று பாடியும் காட்டினான். எஸ்பெரான்சா தையலைக் கீழே வைத்தாள்.

“இங்க பாரு லிகோர். நான் ஒரு மனுஷனைக் கட்டிக்கிறேன்னுதான் எங்கப்பாகிட்ட சொன்னேன். பெட்டியக் கட்டிக்கிறேன்னு சொல்லல.”

“நான் என்ன வேணும்னா பண்ணேன்? கெணத்துல விழுந்ததை மேல எடுத்தாச்சே!”

“பெட்டிய எடுத்தாங்க. உன் மூலைய யாரு எடுத்தா?”

“மூலைய எப்படித் தனியா எடுக்கிறது?”

“அது உனக்குத் தெரியணும். எனக்குப் பாட்டு வேணும். பாட்டு இல்லன்னா மோதிரத்துக்கு விரல் நீளாது.” அவள் மறுபடி ஊசியில் நூல் கோத்தாள். கோபத்தில் இருக்கும்போது அவளுக்கு நூல் ஒரே தடவையில் நுழைந்துவிடும்; அதைப் பார்த்ததும் லிகோரியோ எழுந்துகொண்டான்.

அவன் எல்லாரும் செய்வதைத்தான் முதலில் செய்தான். மட்காவில் ஒரு டாக்டர் வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டார். அந்த நேரம் பார்த்து குர்டோரியில் ருமால்தோ டிரம்பெட் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தான். டாக்டருக்கு ஒரு வாரம் காது கேட்கவில்லை. தேவாலய வாசலில் மெழுகில் செய்த வயிறு ஒன்று வாங்கிக் காணிக்கை வைத்தான். மெழுகு வயிறும் மெல்ல ‘ங்ம்ம்ம்’ என்றதால் கோயில்பிள்ளை அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைசியில், நட்சத்திர விளக்குகள் வீட்டுக்கு வீடு தொங்கிய ஒரு டிசம்பர் மாலையில், ருமால்தோவின் கொட்டகைத் திண்டில் உட்கார்ந்து தன் மூன்று கூட்டாளிகளையும் கெஞ்சினான்.

“என் கல்யாணத்துக்கு மட்டும் எப்படியாவது பெட்டியச் சரி பண்ணுங்கடா. ஒரே ஒரு பாட்டு.”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதுகு வலி போய் ஆறேழு மாதம் ஆனவர்கள்.

“கோழி முட்டை வெச்சிருக்கு. எழுப்புனா பாவம்” என்றான் ருமால்தோ.

“வேன்ல தேங்கா இருக்கு” என்றான் ஜெரோனிம்.

பாஸ்குவால் மீசையை நீவினான். “இது கிட்டார் பிடிக்கிற கைடா. பாரம் தூக்குனா நடுங்கும்.”

அந்த வசனம் எவ்வளவு நன்றாக ஒட்டிக்கொண்டு வருகிறது என்று லிகோரியோ அன்றைக்குத்தான் முதல்முறை வெளியிலிருந்து கேட்டான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் ரோஸ் சடங்கு. உறவுக்காரர்கள் தேங்காய்ப்பாலைத் தலையில் கொட்டித் தேய்க்க, அது காதுக்குள் இறங்கி, ஊரில் யார் என்ன வாசித்தாலும் தண்ணீருக்கடியில் வாசிப்பதுபோல அவன் வயிற்றில் கேட்டது. சித்திமார்கள் அழுதார்கள், சிரித்தார்கள், இன்னொரு தேங்காய் உடைத்தார்கள். மறுநாள் மூன்று மணிக்குத் தேவாலயம். கறுப்பு சூட்டும் வெள்ளைப் பூவுமாக மாப்பிள்ளை அலங்காரம் முடிந்து, கார் வாசலில் நின்றபோது, லிகோரியோவைக் காணவில்லை.

அவன் ருமால்தோவின் கொட்டகையில் இருந்தான். கோழியிடம் மன்னிப்புக் கேட்டு, அதை முட்டைகளோடு ஒரு கூடைக்கு மாற்றினான். பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தான். மூன்று கைப்பிடிகள் ஆண்டுக்கணக்கில் கைபட்டு மின்னின. ஒன்று மட்டும் கைபடாமல் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. அது யாருடையது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவசியமிருக்கவில்லை. நாலு ஆள் பாரம். தனியாக ஒருவனால் ஒரு பக்கம்கூட அசைக்க முடியாது. அவனுக்கு அது தெரியும். தெரிந்தும் சூட்டுக் கையை மடக்கிவிட்டு, குனிந்து, அந்தக் களிம்புக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினான். அவனுடைய மூலை எழுந்தது. மற்ற மூன்று மூலைகளும், ஆள் பிடித்தால் எப்படி எழுமோ அப்படியே, மட்டமாக எழுந்தன.

அப்படியே நடந்தான். வயல் வரப்பில் அவன் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு முன்னே போக, பெட்டி காற்றில் சமமாக மிதந்து கூடவே வந்தது. நாலில் ஒரு பங்குப் பாரம் மட்டும் நியாயமாக அவன் கையில் இருந்தது. அதுவே தோளைப் பிடுங்கியது. இவ்வளவு காலம் மற்றவர்கள் இதைச் சுமந்துகொண்டு ஜோக்கும் அடித்துக்கொண்டு வந்தார்கள் என்பது அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. ரொட்டிக்காரன் சைக்கிளை நிறுத்தி வழிவிட்டு, “யார் செத்தது?” என்று தொப்பியைக் கழற்றினான். “யாரும் இல்ல, எனக்குக் கல்யாணம்” என்றான் லிகோரியோ. “ரெண்டும் ஒண்ணுதான், நிதானமாப் போ” என்றான் ரொட்டிக்காரன். வழியில் ஒருவன் தட்டோடு வந்து கேக் நீட்டினான். லிகோரியோவுக்குப் பசி. இருந்தாலும் கை எடுக்கவில்லை.

தேவாலயத்துக்கு அவன் வியர்வையும் களிம்புமாகத் தாமதமாக வந்து, பெட்டியை வாசலில் இறக்கினான். ஆர்கன் முன்னால் அன்று வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். பீடத்தின் முன்னால் நின்ற எஸ்பெரான்சா அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பித்தளைக் கறை, ஒரு கொப்புளம். விரலை நீட்டினாள்.

வரவேற்பில், பஸ்ஸில் கைவீசி வந்து இறங்கிய மூன்று கடற்கன்னிகளும் மேடை ஏறினார்கள். மாப்பிள்ளையை மேசைமேல் ஏற்ற வேண்டுமே என்று தயங்கி, சரி, கீழேயே நிற்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். பாஸ்குவால் கிட்டாரைத் தொட்டான். சத்தம் ஜெரோனிமின் வயிற்றிலிருந்து வந்தது. திடுக்கிட்ட ஜெரோனிம் குச்சியைக் கைதவறி டிரம்மில் விட, அது ருமால்தோவின் மார்பில் இடித்தது. ருமால்தோ, “ஐயோ மாதாவே!” என்று சொல்வதற்குப் பதில் டிரம்பெட்டை ஊத, பாஸ்குவாலின் மீசை இரண்டு பக்கமும் நிமிர்ந்து நின்று அதற்குள்ளிருந்து ஒரு நீண்ட, மிக அழகான ஸ்வரம் புறப்பட்டது.

“எங்கிட்ட ஏன்டா வருது?” என்று பாஸ்குவால் கத்தினான்.

“கை வீசிட்டு வந்தீங்கல்ல பாத்ராவ், அதான்!” என்றான் லிகோரியோ. சொன்ன மாத்திரத்தில் தன் குரல் தனக்கே பாரமில்லாமல் கேட்டது. மூன்று பேரும் வெளியேறிய வீடு மாதிரி வயிறு காலியாக, காற்றோட்டமாக இருந்தது. அவன் மைக்கை எடுக்கவில்லை. எஸ்பெரான்சாவின் முன்னால் போய் நின்று, எட்டு வருஷத்து மாண்டோவை வெறும் வாயால் பாடினான். முதல் அடியில் குரல் நடுங்கியது; பாரம் தூக்கிய கை நடுங்கியதால் வந்த நடுக்கம். அவன் சொல்லிவந்தது உண்மைதான், பாரம் தூக்கினால் பாட்டு நடுங்குகிறது. அது நடுங்கிய இடத்தில்தான் எஸ்பெரான்சா அழுதாள். மற்ற மூன்று பேரும் ஒருவர் வயிற்றில் ஒருவராக ஒலித்துப் பின்னணி வாசித்தார்கள். மணமகளின் அப்பா, மாப்பிள்ளை மனுஷன்தான் என்று நிம்மதியாக உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிறு நாலு பேரும் நாலு மூலையைப் பிடித்துப் பெட்டியை வேனில் ஏற்றினார்கள். சத்தம் பெட்டிக்குத் திரும்பவில்லை. மனித உடம்பின் ருசி கண்டுவிட்டது. ஆனால் ஒருவனிடமே தங்கவும் இல்லை. வாரம் ஒருவன் என்று அதுவே முறை வைத்துக்கொண்டது. முறை வந்தவன் மேசைமேல் ஏறுவான். அவனுக்குக் குடை பிடிப்பது மற்றவர் பொறுப்பு. “ஊமைப் பெட்டியை எதுக்குச் சுமக்கணும்?” என்று ஒருமுறை ஜெரோனிம் தன் மூலையை விட்டுப் பார்த்தான். சத்தம் அவனுக்குள்ளேயே தங்கிவிட்டது. தவக்காலம் முழுக்க அவன் குறட்டை டிரம்பெட்டில் வந்து, அவன் மனைவி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கல்யாணம் பேச வருகிறவர்கள் மட்டும், “அன்னைக்கு யார் வயிறு?” என்று விசாரிக்கிறார்கள். நடனத்துக்கு ஜெரோனிமின் தொந்திதான் நல்லது. ஞானஸ்நானத்துக்கு பாஸ்குவாலின் ஒல்லி உடம்பு போதும்.

போன மாதம் ராயாவில், அதே வீட்டில், அந்த மணமகளின் தங்கச்சிக்குக் கல்யாணம். நாலு பேரும் பெட்டியோடு கிணற்றோரமாக வந்தபோது எதிரே பெபிங்காத் தட்டு வந்தது. நாலு பேரும் நின்றார்கள். யாரும் கையை எடுக்கவில்லை, வாயைத் திறந்தார்கள். எஸ்பெரான்சா தட்டை வாங்கி ஊட்டினாள். முதல் துண்டு ருமால்தோவுக்கு, அன்று அவன்தான் ஸ்பீக்கர். கடைசித் துண்டு லிகோரியோவுக்கு. பெபிங்கா இன்னும் ஆறவில்லை.